நூற்றவளின் பெயர்

சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்க முடிவு செய்தபோது, கிரயப் பத்திரத்தின் ஆங்கில வரைவு ஒன்று என் கைக்கு வந்தது. என் பெயர், அப்பாவின் பெயர், வயது 44. இவற்றுக்கு நடுவே ஒரு சொல்: ஸ்பின்ஸ்டர். வீட்டை விற்பவர் ஓர் ஆண். அவருடைய பெயருக்குப் பின்னால் 'வியாபாரம்' என்று இருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பது பற்றி வரைவுக்கு அக்கறை இல்லை. நான் இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்பது பற்றியும் அக்கறை இல்லை.

"இது எதுக்கு சார்?" என்று வழக்கறிஞரிடம் கேட்டேன்.

"சட்டத்துல அப்படித்தாம்மா எழுதுறது. கல்யாணம் ஆகாதவங்கன்னு அர்த்தம். தப்பா ஒண்ணும் இல்ல" என்றார். மரியாதையான மனிதர். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சொல் மட்டும் வீடுவரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்பியல் தாள். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பொருள் கேட்டேன். முன்வரிசையில் ஒருத்தி, "வயசாகியும் கல்யாணம் ஆகாத பொண்ணு" என்றாள். தமிழில் ஒரே சொல்லாகச் சொல்லுங்கள் என்றதும், "முதிர்கன்னி" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து வந்தன. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்குறவங்க இல்லையாம்மா?"

வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் பிரித்துப் பார்த்த பிறகு, அந்தச் சிரிப்பை நினைத்துக் கூசினேன். அவள் சொன்னதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். ஸ்பின் என்றால் நூற்பது. ஸ்டர் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்யும் பெண்ணைக் குறித்து வந்த விகுதி. நெய்பவள் வெப்ஸ்டர். ரொட்டி சுடுபவள் பாக்ஸ்டர். மது வடிப்பவள் ப்ரூஸ்டர். இந்தப் பெயர்கள் பிறகு ஆண்களுக்கும் ஆகி, குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஆங்கில அகராதிக்கே மறுபெயராக நிற்கிற வெப்ஸ்டர் என்பதற்குள் நெசவுத்தறி முன் உட்கார்ந்த ஒரு பெண் இருக்கிறாள் என்பதை யாரும் நினைப்பதில்லை. நூற்பவளுக்கு மட்டும் வேறு கதி. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்கிறவள். பதினேழாம் நூற்றாண்டில் சட்ட ஆவணங்களில் அது மணமாகாதவளின் முறையான அடைமொழி. பதினெட்டாம் நூற்றாண்டில் மணமாகும் வயதைத் தாண்டியவள். தொழில் முதலில் தேய்ந்தது, பிறகு ஏளனம் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் இப்படி ஆயிற்று? கல்யாணமாகாத பெண்கள் நூற்றுப் பிழைத்தார்கள், அதனால் பெயர் நின்றுவிட்டது என்பது வழக்கமான விளக்கம். அது பாதிதான். சட்டத்துக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் மீதி. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மனைவி என்பவள் தனி ஆள் இல்லை. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர், அந்த நபர் கணவன். அவள் சம்பாத்தியம் அவனுடையது, அவள் தனியாக ஒப்பந்தம் போட முடியாது. இங்கிலாந்தில் மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1882இல் வந்த பிறகே இது பெருமளவு மாறியது. ஆகவே ஓர் ஆவணத்தில் பெண் பெயர் வந்தால், இவள் சொத்துக்கும் கையெழுத்துக்கும் வேறொருவன் உடையவனா என்று எழுத்தர் கேட்க வேண்டியிருந்தது. ஸ்பின்ஸ்டர் என்பது அதற்குப் பதில்: இல்லை, இவள் தன் பெயரில் தானே கையெழுத்துப் போடலாம்.

என்னைக் கூனிக் குறுக வைத்த சொல் ஒரு காலத்தில் பெண்ணின் கையெழுத்துக்குச் செல்லுபடி தந்த சொல் என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வியப்போடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. அந்தச் செல்லுபடி அவள் உழைப்பிலிருந்து வரவில்லையே. ஓர் ஆண் இல்லாததிலிருந்து அல்லவா வந்தது.

இதை வெள்ளைக்காரர் பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் இணைப்பில் திருமண அறிவிப்புக்கான ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. மாதிரி மணமகன் மனைவியை இழந்தவர், தொழில் தச்சு. மாதிரி மணமகள் ஸ்பின்ஸ்டர். தொழில் என்ற கட்டத்தில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தொழிலின் பெயரையே அடைமொழியாகச் சுமப்பவளுக்குத் தொழில் கட்டம் காலி.

நம் மாநிலத்துக்கே வருவோம். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்கு உண்டு என்றது. பெருமைப்பட வேண்டிய திருத்தம். ஆனால் 25.3.1989க்கு முன்பே மணமான மகள்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லியது. அந்த நாளுக்கு முன்னால் தாலி ஏறிய அக்காவுக்குப் பங்கு இல்லை, அதே வீட்டில் மணமாகாமல் இருந்த தங்கைக்குப் பங்கு உண்டு. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்த பிறகே மணமான மகள், மணமாகாத மகள் என்ற கோடு அழிந்தது. அதே 2005 டிசம்பரில்தான் இங்கிலாந்தில் திருமணப் பதிவேட்டிலிருந்து ஸ்பின்ஸ்டரும் பேச்சிலரும் நீங்கி, இருவருக்கும் 'தனியர்' என்ற பொருளில் ஒரே சொல் வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். இரண்டின் அடியிலும் கிடப்பது ஒரே கேள்வி: ஒரு பெண்ணை அறிய, அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் தெரிந்தாக வேண்டுமா?

பேச்சிலர் என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பழைய பொருள் இளம் வீரன். பிறகு பட்டம் பெற்றவன், பிறகு மணமாகாத ஆண். எந்தப் படியிலும் அது கீழே இறங்கவில்லை. நம் பெண்பிள்ளைகளும் இளங்கலை முடித்ததும் பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ் ஆகிறார்கள். ஸ்பின்ஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் என்று ஒரு பட்டம் இருந்தால் எந்த அப்பா ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவார்? ராபின் லேக்காஃப் 1975இல் எழுதிய மொழியும் பெண்ணின் இடமும் பற்றிய நூலில் இந்த இணையை எடுத்துக் காட்டுகிறார். இரண்டு சொல்லும் 'மணமாகாத' என்ற ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒன்றைச் சொன்னால் 'நல்ல வரன்' என்று காதில் விழுகிறது, மற்றதைச் சொன்னால் 'பாவம்' என்று விழுகிறது.

அந்தப் 'பாவம்' தமிழில் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கத்தான் நான் இதை எழுதத் தொடங்கினேன். முதிர்கன்னி என்ற சொல்லை நம் புதுக்கவிதை செல்லமாக வளர்த்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்லூரி ஆண்டுமலர்களைப் புரட்டினால் அவள் வந்துவிடுவாள். ஜன்னல் கம்பி, வாடிய மல்லிகை, திரும்பி வந்த ஜாதகம், நரைத்த ஒற்றை முடி, பஜ்ஜி தின்றுவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார். வரதட்சணையைக் கண்டிக்கத்தான் எழுதினார்கள், ஐயமில்லை. ஆனால் அந்தக் கவிதைகளில் அவள் எதுவும் செய்வதில்லை. காத்திருக்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். டைப்ரைட்டிங் சொல்லித் தந்து தம்பியைப் படிக்க வைத்த அக்காக்கள் எனக்குத் தெரிந்து தெருவுக்கு இருவர் இருந்தார்கள். அவர்களுடைய வேலை எந்தக் கவிதைக்குள்ளும் வரவில்லை. கவிஞனின் இரக்கத்துக்கு அவள் சும்மா இருப்பது தேவைப்பட்டது.

இதைச் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் கூடுதல். என் இருபதாவது வயதில் கல்லூரிப் போட்டியில் நானும் ஒரு முதிர்கன்னிக் கவிதை எழுதி முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். ஜன்னலும் மல்லிகையும் அதிலும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துத்தான் எழுதினேன். அவர் சத்துணவுக்கூட அமைப்பாளர். நூறு பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போட்டவரை நான் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டேன்.

நம் மரபில் பெண்ணை வயதால் எண்ணும் பழக்கம் பழையது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று உலா இலக்கியம் ஏழு பருவம் வகுத்தது. பேதைக்கு 5 வயதில் தொடங்கும் கணக்கு, பேரிளம்பெண்ணுக்கு 40இல் முடிகிறது. உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்கும் தகுதி அதோடு சரி. நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்குப் பெயரே இல்லை. வகுப்பில் இதை நடத்தும்போது, "அப்ப நீங்க யாரும்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி என்றேன்.

மணம் வேண்டாம் என்ற பெண்களை நாம் ஏற்றுக்கொள்ளவே இல்லையா என்றால், ஏற்றிருக்கிறோம், ஒரு விலை வாங்கிக்கொண்டு. ஔவையைப் பற்றி ஒரு கதை உண்டு. கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று. காரைக்கால் அம்மையார் உடம்பின் வனப்பை உதறிப் பேயுரு கேட்டார். ஆண்டாளுக்கு அரங்கன் மணவாளன் ஆனான். கிழவியாக இரு, பேயாக இரு, அல்லது தெய்வத்துக்கு மனைவியாக இரு. இளமையோடும் உடம்போடும் தன் வேலையைச் செய்துகொண்டு தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கதைகளில் இடம் ஒதுக்கவில்லை.

ஆனால் கதைகளுக்கு முன்னால் பாட்டுகள் இருக்கின்றன. அங்கே அவள் இருக்கிறாள், கையில் பஞ்சோடு. புறநானூறு அவளைப் பருத்திப் பெண்டு என்கிறது. 326ஆம் பாட்டில் அவள் இராத்திரியில் எழுந்து பருத்தியின் தூசு தும்பைத் தட்டுகிறாள். பூனைக்குப் பயந்து அலறும் கோழி அவளது சிறு விளக்கின் வெளிச்சத்தில் அடங்குகிறது. ஊரெல்லாம் தூங்க, வேலைக்காக ஒருத்தி விழித்திருக்கிறாள். நற்றிணை 353இல் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடி, ஆளில் பெண்டிர் முயன்று செய்த நுண்ணிய பனுவலிடம் போகிறார். ஆளில் பெண்டிர் என்றால் கணவனில்லாத பெண்கள் என்று உரைகள் சொல்கின்றன. கைம்பெண்கள் என்றும் கொள்வார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் படித்த நாட்களில் இந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லைப் படித்த பிறகே அது என்னை நிறுத்தியது. ஆங்கிலம் நூற்பவளிடம் தொடங்கி ஆணில்லாதவளிடம் வந்து சேர்ந்தது. நம் பாட்டு ஆணில்லாதவளிடம் தொடங்கி அவள் நூற்ற நூலிடம் போய்ச் சேர்கிறது. ஆளில்லாமை அந்த அடியில் ஒரு தகவல். மேகத்துக்கு ஒப்பாக உயர்த்தப்படுவது அவள் கைவேலை. இதை வைத்துச் சங்ககாலம் பெண்ணுக்குப் பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. அதே புறநானூற்றில் கைம்மை நோன்பின் வேதனையும் இருக்கிறது. வேறு பிழைப்பில்லாமல்தான் அவள் இராத்திரியில் விளக்கேற்றினாள் என்பதையும் மறக்கவில்லை. 'ஆள்' என்றாலே ஆண் என்று அந்தச் சொல் கொள்வதும் உறுத்துகிறது. உறுத்தினாலும், கபிலர் அவளுக்காக இரங்கவில்லை. அவள் நூலைப் பார்த்தார். முதிர்கன்னிக் கவிஞர்கள் செய்யத் தவறியது அதைத்தான். நானும்தான் தவறினேன்.

நூல் என்பதே நமக்கு இழையும் புத்தகமும். பனுவலும் அப்படியே. நன்னூல் பாயிரத்தில் ஒரு வெண்பா இந்த இரண்டையும் சேர்த்து ஓர் உருவகம் கட்டுகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர், புலவன் நூற்கும் பெண். தமிழ் இலக்கண மரபு புலவனுக்கு உருவகமாக நூற்பவளைத் தேர்ந்திருக்கிறது! கதிர் சுற்றும் பெண் இல்லாமல் அந்த வெண்பா நகராது. ஆனால் புலவனைப் பெண் என்று சொல்லத் துணிந்த மரபு, பெண்ணைப் புலவர் என்று சொல்ல எத்தனை முறை துணிந்தது? அவள் கைத்திறன் கடன் வாங்கப்பட்டது. அவளுக்குத் திருப்பித் தரப்படவில்லை.

மேற்கில் மேரி டேலி போன்ற பெண்ணியர் எழுபதுகளின் இறுதியில் ஸ்பின்ஸ்டரை மீட்டெடுக்க முனைந்தார்கள். நூற்பவள் என்றால் தன் வாழ்வைத் தானே நூற்றுக்கொள்பவள் என்று புதுப்பொருள் தந்தார்கள். படிக்கும்போது எனக்கு உற்சாகம் பிறந்தது உண்மை. ஆனால் அந்த நூற்பும் உருவகம்தான். பஞ்சு மூக்கில் ஏறாத நூற்பு. நன்னூல் வெண்பாவிடம் நான் கேட்டதை அவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: நூற்கிறவள் எங்கே?

அவள் என் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவளை அழைத்து, "அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி. சிரிச்சதுக்கு மன்னிச்சுக்க" என்றேன். அகராதியைக் காட்டினேன். அவள் அதை நம்பாமல் இரண்டு முறை படித்தாள். பிறகு சொன்னாள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஊருக்கு ஏஜெண்ட் வந்திருக்கிறார். மூன்று வருடம் மில்லில் வேலை, விடுதியில் தங்கல், முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் இப்படிச் சேர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 2011இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் துணிக்கடைகள்வரை பேச்சு போயிற்று. ஏழைக் குடும்பங்களின், பெரும்பாலும் தலித் குடும்பங்களின் பிள்ளைகள். வெளியே போகத் தடை, நீண்ட நேர வேலை, இடையில் நின்றால் தொகை கிடைக்காது. 1961ஆம் ஆண்டிலிருந்து வரதட்சணை இந்நாட்டில் குற்றம். அந்தக் குற்றத்துக்கான பணத்தைச் சேர்க்க, மணமாகாத பெண்ணை நூற்க வைத்து, அதற்குச் சுமங்கலி என்று பெயரும் வைத்தார்கள். ஸ்பின்ஸ்டரின் இரண்டு பொருளும் ஓர் உடம்பில் சேர்ந்தது இங்கேதான். ஸ்பின்ஸ்டராக இல்லாமல் போவதற்காக அவள் ஸ்பின்ஸ்டராக இருந்தாள்.

"இழை அறுந்தா ஓடிப்போய் ஒட்டணும்மா. நின்னுக்கிட்டே இருக்கணும். நைட் ஷிஃப்ட்ல தூக்கம் சொக்கும்" என்றாள். இரண்டே முக்கால் வருடம் முடிந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஊருக்கு வந்துவிட்டாள். தொகை வரவில்லை. அப்பா இரண்டு முறை போய் அலைந்து திரும்பினார். பிறகு தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு, அரசுக் கல்லூரியில் இளங்கலைத் தமிழ், இப்போது முதுகலை.

"அந்தக் காசு வந்திருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளைக்கு அம்மாவா இருப்பேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் கூலி பறிபோனதால் அவளுக்குப் படிப்பு கிடைத்தது என்ற கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது?

பத்திர வரைவில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். "அப்ப என்னம்மா போடுறது?" என்று வழக்கறிஞர் கேட்டார். "விக்கிறவருக்கு என்ன போட்டிருக்கீங்களோ, அதையே எனக்கும் போடுங்க. தொழில்" என்றேன். மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொடுத்தார். சட்டம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

பருவத்தின் கடைசி வேலையாக வகுப்பில் எல்லோரையும் அந்தச் சொல்லுக்கு ஓர் அகராதிப் பதிவு எழுதி வரச் சொன்னேன். முதிர்கன்னி என்று இந்த முறை யாரும் எழுதவில்லை. தனியாள், தன்னுரிமையாள், கன்னி என்றெல்லாம் எழுதினார்கள். கடைசி வரிசைக்காரி எழுதியது இது:

"1. நூல் நூற்கிறவள். 2. நூற்ற கூலி முழுசாகக் கைக்கு வராதவள். 3. கல்யாணம் ஆகாதவள். இந்தப் பொருளைக் கடைசியாகப் போடவும்."

அதில் திருத்த எதுவும் இல்லை. மதிப்பெண்ணைப் போட்டு, என் கையெழுத்தையும் போட்டேன்.